கள்ளும் சூதும் காமமும்: ஒரு வகைப்பாட்டின் வரலாறு

சிலப்பதிகாரம் கற்பிக்கும் நாம் அண்மை ஆண்டுகளாகத் தேர்வு விடைத்தாள்களில் ஒரு புதிய கருத்தைக் கண்டு வருகின்றோம். கோவலன் காமத்துக்கு அடிமையான நோயாளி என்றும், குடிக்கு அடிமையானவர்க்கு இன்று மருத்துவம் இருப்பதுபோல் அவனுக்கும் இருந்திருப்பின் கண்ணகியின் வாழ்வு கெட்டிராது என்றும் முதுகலை மாணவர் பலர் எழுதுகின்றனர். நாம் மாணவராயிருந்த காலத்தில் இதே வினாவுக்கு 'ஒழுக்கம் தவறினான்' என்று விடை எழுதினோம். நமக்கு ஆசிரியராயிருந்தோர் ஊழின் மேல் ஏற்றிக் கூறியிருப்பர். ஊழ், ஒழுக்கக்கேடு, நோய் என ஒரே செயல் மூன்று தலைமுறைகளில் மூன்று பெயர் பெற்றுவிட்டது.

மாணவர் கூற்றை நூலோடு பொருத்திப் பார்த்தல் முதற்கண் செய்யத்தக்கது. ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலையிட்ட மாலையைக் கூனி கையிலிருந்து வாங்கிய கோவலன் மாதவி மனை புகுந்து தன் மனையை மறந்தான். முன்னோர் ஈட்டிய பொருளை எல்லாம் தொலைத்தான். இவ்வளவும் அடிமைப்பட்டவன் என்னும் கூற்றுக்கு இடந்தருவன. ஆனால் கானல்வரி முடிந்த அன்று மாலையே அவன் எழுந்து போய்விட்டான். வசந்தமாலை கொணர்ந்த முடங்கலை வாங்க மறுத்தான். மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகன் மூலம் வந்த இரண்டாம் முடங்கலைப் படித்து, மாதவி குற்றமற்றவள் எனத் தெளிந்த பின்னரும் அவன் திரும்பவில்லை. குடிநோயாளி ஒருவன் ஒரு பாட்டுக் கேட்டுச் சினந்து அன்றே குடியை விட்டான், பின் ஒருபோதும் அதன்பாற் செல்லவில்லை என்று எவரேனும் கூறின் நாம் நம்பத் தயங்குவோம். கெட்ட பொருளைக் கொண்டு நோக்கின் கோவலன் அடிமை. பிரிந்த எளிமையைக் கொண்டு நோக்கின் அவன் அடிமையல்லன்.

இவ்விரு அளவுகோல்களின் முரண்தான், மிகு பாலியல் நடத்தையை மது, சூது முதலியவற்றோடு ஒரே இனமாக வகுக்கலாமா என்று உளமருத்துவர் கடந்த நாற்பது ஆண்டுகளாக நிகழ்த்தி வரும் வழக்கின் உள்ளீடு. மருத்துவத் தீர்ப்புக் கூறுதல் நம் பணியன்று. ஆயினும் வகைப்பாடு என்பது சொல்லால் ஆகும் செயல். தமிழில் இதற்கு எச்சொல்லை வழங்குவது என்னும் வினா நம் துறை வாயிலுக்கு எப்படியும் வந்து சேரும். ஆதலின் இவ்வகைப்பாடு வந்த வழியை ஈண்டு ஆராய்கின்றோம்.

மூன்றையும் ஒருங்கு வைத்தல் புதியதன்று. திருக்குறளில் வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது என்னும் அதிகாரங்கள் 92, 93, 94 என அடுத்தடுத்து நிற்கின்றன. வரைவின் மகளிர் அதிகாரத்தின் இறுதிக் குறள் இம்மூன்றையும் ஒரே தொடரில் நிறுத்தி, திருமகளால் கைவிடப்பட்டார்க்கு இவை நட்பாகும் என்கின்றது. வடமொழியிலும் இக்கூட்டு உண்டு. கௌடலியரின் பொருள்நூல் எட்டாம் பகுதியில், காமத்திற் பிறக்கும் தீங்குகளாக வேட்டை, சூது, பெண், குடி என நான்கும், வெகுளியிற் பிறப்பனவாக மூன்றும் கூறுகின்றது. மனுநூலின் ஏழாம் இயல் காமத்திற் பிறப்பன பத்து, வெகுளியிற் பிறப்பன எட்டு என விரித்து, அப்பத்தினுள்ளும் குடி, சூது, பெண், வேட்டை நான்குமே மிகக் கொடியவை என்கின்றது. வள்ளுவர் வேட்டையை விட்டுவிட்டார் என்பது நோக்கத்தக்கது. வேட்டை வேந்தர்க்கு உரிய தீங்கு. ஏனைய மூன்றும் எவர்க்கும் உரியன. அரசியல் நூலின் பட்டியல் பொதுமக்கள் நூலுக்கு வரும்போது அவ்வாறு சுருங்கியது போலும்.

கௌடலியர் பட்டியலோடு நில்லாமல், இவற்றுள் எது கொடிது என முன்னையோரோடு வழக்காடுகின்றார். சூதைக் கொடிதென்பாரை மறுத்து, சூதினின்று ஒருவனை மீட்டல் கூடும், பெண்வேட்கையினின்று மீட்டல் கூடாது என்கின்றார். அடுத்து, பெண்வேட்கையைக் குடியினும் கொடிதென்பாரை மறுத்து, முன்னதில் மக்கட்பேறு முதலிய நன்மைகளேனும் உண்டு, குடியில் அதுவும் இல்லை என்கின்றார். முதல் வழக்கில் அவர் கைக்கொண்ட அளவுகோல் மீட்சி. இரண்டாம் வழக்கில் பயன். ஒரே பக்கத்தில் அளவுகோல் மாறிவிடுகின்றது. நாம் இதனைக் குறை கூறுவதற்காகச் சுட்டவில்லை. இப்பொருளில் அறிவு மிக்கோரும் அளவுகோலை இடையிடையே மாற்றிவிடுகின்றனர் என்பதற்கு இது பழைய சான்று.

வள்ளுவர் மூன்றையும் அடுத்தடுத்து வைத்த இடம் யாது? பொருட்பாலில், பகையையும் தீ நட்பையும் பேசி முடித்த பின்னர். ஆண்டு அவர் காண்பது ஒருவன் உள்ளத்தில் எழும் வேட்கையின் இயல்பை அன்று. அவனிடமிருந்து பொருளும் மானமும் வெளியேறும் வாயில்களை. பிறன்மனை விழைதல் இக்கூட்டில் இல்லை. அது அறத்துப்பாலில், பிறர்க்குச் செய்யும் தீங்குகளோடு வைக்கப்பட்டுள்ளது. காமமோ தனக்கெனத் தனிப்பாலே பெற்றுள்ளது. ஒரே வேட்கை மூன்று செயல்களாகி மூன்று பால்களில் நிற்கின்றது. வேட்கையின் அளவு கொண்டு அன்று, அது எவரை எவ்வாறு தாக்குகின்றது என்பது கொண்டே வள்ளுவர் வகுத்தார் என்பது தெளிவு.

இன்னும் ஒன்று. காமத்துப்பாலில் வள்ளுவர் காமத்தைக் கள்ளோடு ஒப்பிடுகின்றார். ஒருமுறையன்று, தகையணங்குறுத்தலிலும் நினைந்தவர் புலம்பலிலும் புணர்ச்சி விதும்பலிலும் மூன்று முறை ஒப்பிடுகின்றார். மூன்றிடத்தும் ஒப்புமையைத் தொடங்கி வேற்றுமையில் முடிக்கின்றார். கள் உண்டாலன்றிக் களிப்புத் தாராது. காமமோ கண்டாலும் நினைத்தாலும் களிப்புத் தரும். தலைவியும் தலைவனும் தம் காதலைப் பெருமைப்படுத்தக் கூறும் கூற்று இது. எனினும் இன்று மூளையைப் படம்பிடித்து ஆராய்வோர் நிற்கும் முட்டுச்சந்து ஏறத்தாழ இதுவே. புறத்திருந்து உட்செல்லும் பொருள் ஒன்று இல்லாதபோது, நினைவும் காட்சியுமே போதையாக நின்றுவிடும்போது, அதனைக் கள்ளின் இனமாகக் கொள்ளலாமா?

தொல்காப்பியர் பெருந்திணைக்கு உரியனவாகக் கூறும் நான்கனுள் காமம் தெளிவிழந்து மிகுதலும், அது வலிந்து செல்லுதலும் அடங்கும். மடலேறுதலும் முதுமையிற் காமுறுதலும் ஏனைய இரண்டு. உரையாசிரியர் இதனைப் பொருந்தாக் காமம் என்றனர். மிகுதி என்பது ஈண்டு எண்ணிக்கையன்று, மற்றவரோடு பொருந்தாமை. இதற்கு மாறாக, மார்ட்டின் காஃப்கா என்னும் அமெரிக்க உளமருத்துவர் 1997-இல் மிகு பாலியல் வேட்கைக்கு வரையறை கூறுகையில், ஆறு திங்கள் தொடர்ந்து வாரத்துக்கு ஏழுமுறை எனும் எண்ணை அளவாக்கினார். கின்சி 1948-இல் அமெரிக்க ஆடவரைப் பற்றி வெளியிட்ட கணக்குகளே அதற்கு அடிப்படை. எண் ஆய்வாளர்க்கு வசதியானது. ஆனால் எட்டாகக் கொண்டும் தீங்கின்றி வாழ்வாரும், இரண்டாகக் கொண்டே வாழ்விழந்தாரும் உளர்.

இனி மேலைநாட்டுச் சொல்லின் வரலாற்றுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'அடிக்ஷன்' என்னும் சொல் உரோமரின் முறைமன்றத்திற் பிறந்தது. கி.மு. 450-ஐ ஒட்டி எழுந்த பன்னிரு பட்டயச் சட்டத்தின்படி, கடன்பட்டுத் தீர்ப்புப் பெற்றவனுக்கு 30 நாள் தவணை உண்டு. அதன் பின்னும் கொடாதவனை நடுவர் கடன் கொடுத்தவனிடம் ஒப்புவிப்பார். அவன் 60 நாள் வரை கட்டுண்டு கிடப்பான். அவ்வாறு ஒப்புவிக்கப்பட்டவனுக்கு 'அடிக்டஸ்' என்று பெயர். தமிழ் மாணவர்க்கு இவ்விடத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவை நினைவுக்கு வராமற் போகாது. முதியவர் ஒருவர் ஆளோலையைக் காட்டி, சுந்தரர் வழிவழி அடிமை என வழக்காட, அவையோர் மூல ஓலையைக் கண்டு அவ்வாறே தீர்ப்பளித்தனர் எனச் சேக்கிழார் கூறுகின்றார். ஆங்கும் அடிமை என்பது உள்ளத்தின் நிலையன்று, மன்றத்தின் தீர்ப்பு. ஆங்கிலத்திலும் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் அச்சொல் ஒன்றன்பால் தன்னை ஒப்புவித்தலை, நன்மைக்கும் தீமைக்கும் பொதுவாகவே, குறித்தது. நம் அடியார் 'அடிமை' என்பதனைப் பெருமைச் சொல்லாக வழங்கியமை இதற்கு இணை. நோய்ப்பெயராதல் பிற்கால நிகழ்ச்சி.

நோய் என்னும் கருத்து முளைத்த இடங்களுள் ஒன்று சமயத் தன்வரலாறு. கி.பி. 400-ஐ ஒட்டி எழுதிய தம் ஒப்புதல் நூலின் எட்டாம் பகுதியில் அகுஸ்தீனார், தம்மைப் பிணித்த சங்கிலி பிறர் பூட்டியதன்று, தம் விருப்பமே பூட்டியது என்கின்றார். விருப்பம் பிறழ்ந்து காமமாயிற்று, காமத்துக்கு இணங்கியதால் பழக்கமாயிற்று, பழக்கத்தைத் தடுக்காமையால் தவிர்க்கவொண்ணாக் கட்டாயமாயிற்று என்பது அவர் காட்டும் கண்ணிகள். பிற்கால மருத்துவ நூல்களிற் காணும் படிநிலைகள் பலவும் இதன் மறுபதிப்பே. தமிழில் அருணகிரிநாதரைப் பற்றி வழங்கும் கதையும் இவ்வச்சில் வார்க்கப்பட்டது. காமத்திற் பொருளிழந்து, நோயுற்று, திருவண்ணாமலைக் கோபுரத்தினின்று வீழ்ந்தவரை முருகன் தாங்கினான் என்பது கதை. திருப்புகழில் வரும் தன்னிழிவுக் கூற்றுகளை அவ்வாறே வாழ்க்கைக் குறிப்பாகக் கொள்ளலாமா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. பக்திப் பாட்டில் தன்னை இழித்துரைத்தல் மரபு. கவனிக்க வேண்டியது பிறிதொன்று. முற்றக் கெட்டு, தன்னால் இயலாது எனக் கைவிரித்து, மேலான ஒன்றால் மீட்கப்படுதல் என்னும் இவ்வடிவமே 1935-இல் அமெரிக்க நாட்டு ஆக்ரன் நகரில் தோன்றிய குடிநோயாளர் கூட்டமைப்பின் அடிப்படையாயிற்று. 1976-இல் பாஸ்டனில் அதே பன்னிரு படிகளைக் காமத்துக்கும் காதலுக்கும் பொருத்திய கூட்டமைப்பு ஒன்று எழுந்தது. நோய் என்னும் பெயரைக் காட்டிலும் அடியாரின் தன்வரலாறே அங்கு முந்திச் சென்றது என்று கூறத் தோன்றுகின்றது.

மருத்துவர் கைக்கு இப்பொருள் வந்த வரலாறு பெருமைக்குரியதன்று. 1760-இல் லோசான் நகரத்து மருத்துவர் திசோ, தற்புணர்ச்சியால் கண்ணும் முதுகெலும்பும் அறிவும் கெடும் என நூல் எழுதினார். 1771-இல் பியன்வில் என்பார் பெண்டிரின் மிகுவேட்கையைத் தனிநோயாக்கி ஒரு நூல் செய்தார். குடியை நோயெனக் கூறிய முன்னோடிகளுள் ஒருவராகிய பெஞ்சமின் ரஷ், 1812-இல் வெளியிட்ட மனநோய் நூலில் பாலியல் வேட்கையின் நோய்நிலைக்கும் ஓர் இயல் ஒதுக்கினார். 1886-இல் கிராஃப்ட்-எபிங் அதனைப் பெருநூலாக விரித்தார். இவர்கள் நோயெனக் கண்டவற்றுட் பல இன்று நோயல்ல. ஒருபால் விழைவை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் பட்டியலினின்று நீக்கியது 1973-இல். பாலியலில் எதனையும் புதிதாக நோயென வகுப்பார் முன் இவ்வாண்டு ஓர் எச்சரிக்கையாக நிற்கின்றது.

ஃபிராய்டு 1897 டிசம்பரில் தம் நண்பர் ஃபிளீஸுக்கு எழுதிய மடலொன்றில் வியப்பானதொரு கருத்தைக் கூறினார். தற்புணர்ச்சியே முதற்பெரும் அடிமைப்பழக்கம். மது, மார்ஃபின், புகையிலை முதலியன அதற்கு மாற்றாக வந்தவையே என்பது அக்கருத்து. 1983-இல் பாட்ரிக் கார்ன்ஸ் என்பார் 'பாலியல் அடிமைப்பழக்கம்' என்னும் கருத்தைப் பரப்பிய நூலை வெளியிட்டபோது ஒப்புமை தலைகீழாயிற்று. அவர்க்கு மதுவே மூலம். காமம் அதன் படிவம். ஒன்று மற்றொன்றைப் போல்வது என்று இருவரும் கூறினர். எது முதல், எது நிழல் என்பதில் ஒருவர்க்கொருவர் நேர்மாறாயினர்.

கார்ன்ஸின் கருத்துக்கு எதிர்ப்பும் உடன் எழுந்தது. 1988-இல் லெவின், திரொய்டன் என்னும் இரு சமூகவியலார், இது மருத்துவக் கண்டுபிடிப்பன்று, பெரும்பான்மையோர் ஒப்பாத ஒழுகலாற்றுக்கு இட்ட புதுப்பெயர் என வாதிட்டனர். எய்ட்ஸ் நோயச்சம் பரவிய காலச்சூழல் அவ்வாதத்தின் பின்புலம். உளமருத்துவச் சங்கமும் தடுமாறியது. அதன் கையேட்டின் 1987-ஆம் ஆண்டுத் திருத்தப்பதிப்பில் பாலியல் அடிமைப்பழக்கம் என்னும் தொடர் ஓர் எடுத்துக்காட்டாக நுழைந்தது. 1994-ஆம் ஆண்டுப் பதிப்பில் மறைந்தது. 2010-இல் காஃப்கா 'மிகுபாலியல் கோளாறு' என்னும் பெயரில் புதியதொரு வரையறையை முன்வைத்தார். 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதனை ஏற்கவில்லை. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் அது இடம்பெறவில்லை.

'அடிக்ஷன்' என்னும் சொல்லே இக்காலத்தில் நிலையாக நின்றதில்லை என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். உலக நல நிறுவனத்தின் வல்லுநர் குழு 1957-இல் அதனைப் பழக்கப்படுதல் என்பதனின்று வேறாக வரையறுத்தது. 1964-இல் அவ்விரு சொல்லையும் கைவிட்டுச் 'சார்புநிலை' என்னும் பொதுச்சொல்லைக் கொண்டது. பின்னர் 2013-ஆம் ஆண்டுக் கையேட்டில் பழைய சொல் வேறு வாயிலாகத் திரும்பி வந்தது. அவ்வாண்டில்தான் 1980 முதல் உந்தல் கோளாறுகளோடு வைக்கப்பட்டிருந்த சூது, மதுவும் அபினும் இருந்த இயலுக்கு மாற்றப்பட்டது. பொருள் எதுவும் உட்செல்லாத ஒரு நடத்தை அவ்வியலில் இடம்பெற்றது அதுவே முதன்முறை.

உலக நல நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2019 மே திங்களில் ஏற்கப்பட்டு, 2022 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதில் மது ஓர் இயலில். சூதும் கணினி விளையாட்டும் அதே இயலில். அடக்கவியலாப் பாலியல் நடத்தை மட்டும் ஆண்டு இல்லை. தீவைக்கும் உந்தல், திருடும் உந்தல் முதலியவற்றோடு, உந்தலை அடக்கவியலாக் கோளாறுகளின் இயலில் அது தனியே நிற்கின்றது. வள்ளுவர் ஒரு குறளில் ஒருங்கு நிறுத்திய மூன்றனுள் இரண்டை ஒரு கூரையின் கீழ் வைத்து, மூன்றாவதைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியது போன்றது இது. நம் ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாய் அமைந்தது இவ்விட வேறுபாடே.

பிரித்து வைத்ததற்குக் காரணம் சான்று போதாமை. சான்று இல்லாமை அன்று என்பதை வற்புறுத்த விரும்புகின்றோம். 2014-இல் கேம்பிரிட்சில் வலேரி வூன் குழுவினர், இத்தொல்லை உடைய ஆடவர் 19 பேரையும் இல்லாத 19 பேரையும் ஒப்பிட்டனர். பாலியற் காட்சிகளைக் கண்டபோது முன்னவர் மூளையில் கிளர்ந்த பகுதிகள், போதைப்பொருள் பழகியோர் அதன் குறிப்பைக் கண்டவழிக் கிளரும் பகுதிகளோடு ஒத்திருந்தன. விழைதல் மிக்கிருந்தது, இனித்தல் அவ்வாறு மிகவில்லை. விழைவும் இன்பமும் பிரிந்து நிற்றல் போதைநோயின் இலக்கணமாகப் பலராலும் கூறப்படுவது. இதற்கு மாறாக, 2013-இல் அமெரிக்காவில் மூளை மின்னலைகளை அளந்த ஆய்வு ஒன்று, அளவுகள் பொதுவான பாலியல் விருப்பத்தோடு தொடர்புற்றனவேயன்றித் தொல்லையின் கடுமையோடு தொடர்புறவில்லை என்றது. ஒரு சிலரைக் கொண்டு செய்த ஆய்வுகள் இவை. எப்பக்கமும் தீர்ப்பெழுத இவை போதா.

இவற்றினும் வலிய சான்று எதிர்பாராத இடத்தினின்று வந்தது. நடுக்குவாத நோயாகிய பார்க்கின்சன் நோய்க்கு, மூளையில் டோபமின் செய்யும் வேலையைச் செய்யும் மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. அவற்றை உண்டோருட் சிலர், வாழ்நாளில் சீட்டைத் தொடாதவரும், சூதாடத் தொடங்கினர். வேறு சிலர்க்குப் பாலியல் வேட்கை கட்டுமீறியது. 2010-இல் வெளியான, 3090 நோயாளிகளை ஆராய்ந்த பெருங்கணக்கில், நூற்றுக்கு 5 பேரிடம் அடக்கவியலாச் சூதும், 3.5 பேரிடம் அடக்கவியலாப் பாலியல் நடத்தையும் காணப்பட்டன. மருந்தைக் குறைக்க இவை தணிதலும் உண்டு. ஒரே மருந்து சூதையும் காமத்தையும் ஒருங்கே தூண்டுமாயின் அவை உறவுடையன என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே கணக்கில் பொருள் வாங்கிக் குவித்தலும் மிகையாக உண்ணலும் இடம்பெற்றன. உறவு என்று தொடங்கின் அது காமத்தோடு நில்லாது. கடைத்தெருவுக்கும் அடுக்களைக்கும் செல்லும். எல்லாவற்றையும் தழுவிக்கொள்ளும் வகை எதனையும் விளக்காது.

ஆகவே நாம் கொள்ளும் முடிவு இது. கேட்டின் வடிவால் மூன்றும் ஒன்றே. வள்ளுவர் கண்டது அதனை, அது இன்றும் பொருந்துகின்றது. தொடங்கி நிகழும் முறையாலும், விட்டவழி உடல் படும் பாட்டாலும், காமம் கள்ளோடு ஓரினமா என்பது நிறுவப்படவில்லை. நிறுவப்படும் வரை, கோளாறு உண்டு எனக் கொண்டு மருத்துவம் செய்தலும், அடிமைப்பழக்கம் எனப் பெயரிடாதிருத்தலுமாகிய உலக நல நிறுவனத்தின் நடுநெறி தக்கதே. ஓரிடத்தில் மட்டும் நமக்கு மனக்குறை உண்டு. தீவைப்போடும் திருட்டோடும் வைத்தமையால் இது குற்றங்களின் அண்டையில் வாழ நேர்ந்துவிட்டது.

இவ்வளவு நுண்மை எதற்கு, பெயர் எதுவாயின் என்ன எனக் கேட்பார் உளர். நம் நாட்டு நிலையை அறிந்தோர் அவ்வாறு கேளார். திசோவின் அச்சம் ஐரோப்பாவில் மாய்ந்துவிட்டது, இங்கு மாயவில்லை. விந்திழப்பால் உடலும் அறிவும் தேயும் என்னும் நம் பழைய நம்பிக்கையோடு அது எளிதிற் கலந்துகொண்டது. அவ்வச்சத்தால் சோர்வுற்று வரும் இளைஞர் நிலைக்கு 1960-இல் உளமருத்துவர் விக் 'தாது நோய்க்குறி' எனப் பெயரிட்டார். நகரங்களில் இன்ன நாள், இன்ன விடுதி என்று விளம்பரம் செய்து வந்து தங்கும் வைத்தியர்களைத் தமிழகத்தில் அறியாதார் இலர். அவர்களிடம் செல்லும் இளைஞன் பெரும்பாலும் இயல்பான பழக்கம் உடையவன். அவனை வருத்துவது செயலன்று, செயல்பற்றிய குற்றவுணர்ச்சி. அவனிடம் 'நீ காம அடிமை' என்று ஒரு நூலின் பெயரால் கூறிவிட்டால், திசோவின் வேலை புதிய உடையில் தொடரும். நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் நாம் மிகவும் போற்றும் பகுதி இதுபற்றியதே. ஒழுக்கக் கருத்தாலும் பிறர் பழிப்பாலும் மட்டும் எழும் துயரம் இந்நோய் எனத் தீர்மானிக்கப் போதாது என அது வெளிப்படக் கூறுகின்றது. ஆறு திங்களோ அதற்கு மேலோ அடக்க முயன்றும் இயலாமை, வாழ்வின் பிற கடமைகள் கெடுதல், இன்பம் குன்றிய பின்னும் செய்துகொண்டே இருத்தல் ஆகியவற்றையே அது நோக்கச் சொல்கின்றது.

மறுபக்கம் உண்மையாகவே கட்டுண்டவனும் இருக்கின்றான். தொழிலும் குடும்பமும் கண்முன் கெடுவதைக் கண்டும் நிறுத்த இயலாதவனிடம், இது நோயன்று, நின் மனவலிமையின்மை என்று கூறிவிடுதல் கொடுமை. பிறரை வன்முறைக்கு ஆளாக்கிவிட்டு 'நான் நோயாளி' என மன்றத்தில் ஒதுங்குவானை இவனோடு சேர்த்தெண்ணுதல் கூடாது. அவன் இடம் அறத்துப்பாலைச் சேர்ந்தது. வள்ளுவர் அதனையும் பிரித்தே வைத்துள்ளார்.

எஞ்சியது கலைச்சொல். 'காம அடிமை', 'பாலியல் அடிமை' என்னும் தொடர்கள் நாளிதழ்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் வழங்கத் தொடங்கிவிட்டன. இவை இரு காரணத்தால் தள்ளத்தக்கன. ஆங்கிலத்தில் இன்னும் தீராத வழக்கை இவை தமிழில் தீர்த்துவிடுகின்றன. 'பாலியல் அடிமை' என்பது வேறொரு கொடுமைக்கு, வலிந்து கடத்திச் சென்று இழிதொழிலில் அடைக்கப்பட்ட பெண்டிர்க்கு, முன்பே பெயராகிவிட்டது. ஒரே சொல் கட்டுண்டவளையும் தன் வேட்கையைக் கட்டவியலாதவனையும் குறித்தல் மொழிக்கு இழுக்கு. 'மிகுகாமம்' என்பதும் பொருந்தாது; மிகுதி நோயன்று என்பதை மேலே கண்டோம். 'காமம்' என்னும் சொல் அகப்பாடல்களில் பெற்ற உயர்பொருளை நோய்ப்பெயராற் கெடுத்தலும் வேண்டா. 'அடக்கவியலாப் பாலியல் நடத்தைக் கோளாறு' என்பது நீளமானதே. செவிக்கு இனியதும் அன்று. ஆயினும் அது அறிந்ததை மட்டும் கூறுகின்றது. கலைச்சொல் தொகுப்போர் இதனினும் குறுகிய ஒன்றைக் காணின் மகிழ்வோம்.

விடைத்தாள்களைப் பொறுத்தவரை, கோவலனை நோயாளி என எழுதிய மாணவர்க்கு நாம் மதிப்பெண் குறைப்பதில்லை. ஓரத்தில் 'வேனிற்காதையும் புறஞ்சேரியிறுத்த காதையும் மீண்டும் படிக்க' என்று மட்டும் எழுதி வருகின்றோம்.